பன்னிரண்டு நாட்டுக்கோழி முட்டையும் இரண்டு கிலோ நெய்யும்

கல்யாணத்துக்குப் போய் வந்து நான்கு நாளாகிறது. இடுப்பு இன்னும் ரயில் பெர்த்தை விட்டு இறங்கவில்லை. இவர் பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்தவர். கூட இருந்த ஹரியாணாக்காரர் மகளுக்கு ரோத்தக் பக்கத்தில் கல்யாணம். போகிற வழியில் சூரத்தில் சேலை பார்க்கலாம், அதே குஜராத்தில் ஆனந்தில் தன் அக்கா மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கலாம் என்று ஆசை காட்டிக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு ராத்திரியும் நோட்டில் கிறுக்கி வைத்ததை நாள்வாரியாகப் போடுகிறேன். டிக்கெட், வண்டி நேரம் எல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், அது இவர் இலாகா.

நவம்பர் 23, 2025, ஞாயிறு. நாமக்கல்

நான் கோழித்தீவன ஆலையில் கணக்கு எழுதுகிறவள். மக்காச்சோளம் எவ்வளவு, சோயாப் புண்ணாக்கு எவ்வளவு என்று பகலெல்லாம் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்தும் ஒரு நோட்டைத் திறப்பேன். எங்கள் வீட்டில் பாலுக்கும் முட்டைக்கும் தனி நோட்டு. மாமியார் ஆரம்பித்த வழக்கம்.

இந்த மாதக் கணக்கு: ஆவின் பச்சைப் பாக்கெட், அரை லிட்டர் 22 ரூபாய், தினம் இரண்டு. மாதம் 1,320. முட்டை பண்ணைக் கடையில் அட்டை கணக்கில், 30 முட்டை 195 ரூபாய். மாதம் மூன்றரை அட்டை, கிட்டத்தட்ட 680. வீட்டில் நான்கு பேர். மாமியார் சனிக்கிழமை முட்டை தொடமாட்டார், அதை என் மகன் ஈடுகட்டிவிடுவான்.

முட்டை விலை இந்த வாரம் பேயாட்டம் ஆடுகிறது. பண்ணை விலையே 6 ரூபாயைத் தாண்டிவிட்டது. கார்த்திகை பிறந்து ஊர் பாதி மாலை போட்டிருக்கிறது, நியாயப்படி இறங்க வேண்டும். "வடக்கே குளிர் ஆரம்பிச்சிருச்சுங்க, இனி அவங்க சாப்பிடறதுதான் நமக்கு விலை" என்றார் ஆலைக்கு வந்த பண்ணைக்காரர் ஒருவர். அந்த வடக்கைத்தான் பார்க்கப் போகிறேன்.

இந்தக் கணக்குப் பைத்தியம் கொஞ்சம் முற்றியதற்குக் காரணம் உண்டு. சென்ற வருடம் ஆரம்பத்தில் மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வுக்காக ஒரு பையன் டேப்லெட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு முறை அல்ல, மூன்று முறை. முட்டைக்கு "கடந்த 7 நாள்" என்று கேட்டான், பாலுக்கு "கடந்த 30 நாள்" என்றான். நான் நோட்டை எடுத்து நீட்டியதும் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்று இவர் முகத்தில்கூட நான் பார்க்கவில்லை. அப்புறம் முடிவு வந்தபோது ஆர்வமாகப் பார்த்தேன். 2023-24இல் இந்தியக் கிராமங்களில் தலைக்கு மாதச் செலவு 4,122 ரூபாய். அதில் 8.44 சதவீதம் பால், தயிர், நெய் வகைக்கு. அதாவது ஏறக்குறைய 350 ரூபாய். முட்டை, மீன், கறி மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 4.92 சதவீதம், 200 ரூபாய் சுமார். மீனோடும் கறியோடும் சேர்த்துக் கட்டினால் முட்டை எங்கே கண்ணுக்குத் தெரியும்? அந்தக் கோபம் எனக்கு அன்றிலிருந்து உண்டு.

சரி, பயணத்துக்கு வருகிறேன். பை கட்டி முடித்த நேரத்தில் நாத்தனார் வந்தார். கையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் டின். உள்ளே தவிடு, தவிட்டுக்குள் பன்னிரண்டு நாட்டுக்கோழி முட்டை. "ஆனந்தில் பேரனுக்குக் கொடுத்துரு சாமி, அங்கே இதெல்லாம் எங்கே கிடைக்கப் போகுது" என்றார். ரயிலில் இரண்டாயிரம் கிலோமீட்டர் முட்டை கொண்டுபோவதா என்று இவர் முறைத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

நவம்பர் 24, திங்கள். ரயில்

டின்னை நான் மடியிலிருந்து இறக்கவே இல்லை.

எதிர் பெர்த்தில் சென்னை சவுகார்பேட்டையிலிருந்து சூரத்துக்குப் போகும் மார்வாடிக் குடும்பம். பாட்டிக்கு எழுபது வயது இருக்கும், தமிழ் நம்மைவிடச் சுத்தமாக வருகிறது. விஜயவாடா தாண்டியதும் பிரெட் ஆம்லெட் விற்றுக்கொண்டு வந்தான். இவர் இரண்டு வாங்கிவிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. எதிரே சைவக் குடும்பம், மூடிய ஏசி பெட்டி. பாட்டி புரிந்துகொண்டார். "நீங்க சாப்பிடுங்கம்மா, நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கறேன்" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஆம்லெட் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் ஊறிப்போன ரொட்டி. அவர் கண்ணை மூடிக்கொண்ட அளவுக்கு அதில் விசேஷம் ஒன்றும் இல்லை.

சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் காக்ரா என்ற மொறுமொறு ரொட்டியும் மாங்காய் ஊறுகாயும் எடுத்து நீட்டினார். பேச்சு பேச்சாகக் கேட்டேன், உங்கள் வீட்டில் பால் எவ்வளவு? ஆறு பேருக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்றார். "ராத்திரி ஒரு டம்ளர் பால் இல்லாம எங்க வீட்ல யாரும் தூங்க மாட்டாங்க." நாங்கள் நான்கு பேருக்கு ஒரு லிட்டர். ஒரே தமிழ்நாடு, ஒரே பாக்கெட், ஒரே விலை, ஆனாலும் எங்கள் கணக்கைப் போலத் தலைக்கு இரண்டரை மடங்குக்கு மேல். ஊரைத் தாண்டி எதற்கு இவ்வளவு தூரம் போகிறேன், எதிர் பெர்த்தைப் பார்த்தாலே போதும் போலிருக்கிறது.

நவம்பர் 25, செவ்வாய். சூரத்

சேலை மார்க்கெட் பற்றி எழுதினால் இவர் படித்துவிடுவார், வேண்டாம்.

ராத்திரி லாட்ஜ்காரரிடம் இங்கே என்ன சாப்பிடலாம் என்று கேட்டதற்கு, குரலைத் தாழ்த்தி, "முட்டை சாப்பிடுவீர்களா?" என்றார். சாப்பிடுவோம் என்றதும் ஆள் மாறிப்போனார். வழியை விரலால் மேஜையில் வரைந்தே காட்டினார். குஜராத் என்றால் முட்டை வாசனையே ஆகாது என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள் ஆகாதுதான். தெருவில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வண்டி வண்டியாக நிற்கிறது. இங்கே அதற்கு 'லாரி' என்று பேர், தள்ளுவண்டிதான். 2021 நவம்பரில் அகமதாபாத், வடோதரா, ராஜ்கோட் மாநகராட்சிகள் முட்டை, கறி விற்கும் வண்டிகளை முக்கியச் சாலைகளிலிருந்து அகற்றச் சொன்னது பெரிய செய்தியானது. இங்கே நான் பார்த்த வண்டிகளும் ஒரு ஓரமாக, சந்துக்குள்தான்.

சாப்பிட்டது 'கோட்டாலா'. அந்தச் சொல்லுக்கு இந்தியில் ஊழல், குளறுபடி என்று அர்த்தமாம். பெயர் சரிதான். பெரிய தட்டையான இரும்புக் கல்லில் வெண்ணெய். அதில் வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், அப்புறம் கைப்பிடி கைப்பிடியாகப் பச்சைப் பூண்டுத் தாள். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும், நம் வெங்காயத்தாள் மாதிரி, வாசனை மட்டும் பூண்டு. மசாலா வதங்கியதும் அவித்த முட்டையைத் துருவியில் தேங்காய் துருவுவதுபோலத் துருவி விழ விடுகிறார். தனியாக ஒரு பக்கம் அரைவேக்காட்டில் இரண்டு முட்டை உடைத்து, அதை அப்படியே தூக்கி மசாலாவில் போட்டுக் கரண்டியால் சிதைத்துவிடுகிறார். ஒரு கையால் முட்டை உடைக்கிறார், ஓடு ஒன்றுகூட விழவில்லை. எண்ணெயில் பாவ் தோய்த்துச் சாப்பிட வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு தட்டும் ஆறு பாவும் 190 ரூபாய். இவ்வளவு முட்டை தின்னும் நாமக்கல்லில் எங்களுக்கு ஆம்லெட், அவித்தது, குழம்பு, பொடிமாஸ் தாண்டி ஒன்றும் தோன்றவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

சுற்றி நின்றவர்களில் நான் ஒருத்திதான் பெண். யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. ஒரு பையன் தன் ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே நின்றபடி சாப்பிட்டான்.

வண்டிக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்று இவர் சொல்ல, நான் விடாமல் "நாமக்கல்" என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தார். அன்றன்றைய முட்டை விலைப் பட்டியல். 1982இல் ஆரம்பித்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஊர் ஊராக அறிவிப்பது. அகமதாபாத், பர்வாலா, சூரத் என்று விரலால் தள்ளிக்கொண்டே போய், "நாமக்கால்!" என்று நிறுத்திக் காட்டினார். பிறந்ததிலிருந்து அந்த விலையைக் கேட்டு வளர்ந்தவள் நான். சூரத்துச் சந்தில், ஒரு பல்பு வெளிச்சத்தில் எங்கள் ஊர் பெயரைப் பார்த்ததும் என்னவோ போலிருந்தது. பாவ் காசு வாங்க மாட்டேன் என்றார். இவர் வற்புறுத்திக் கொடுத்தார்.

நவம்பர் 26, புதன். ஆனந்த்

இன்று தேசியப் பால் தினம் என்று இறங்கிய பிறகுதான் தெரியும். வெண்மைப் புரட்சியின் தந்தை என்பார்களே, அந்த வர்கீஸ் குரியன் பிறந்த நாள். கோழிக்கோட்டில் 1921இல் பிறந்தவர், 1949இல் இந்த ஊருக்கு வந்து இங்கேயே ஊன்றிவிட்டார். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1946 டிசம்பரில், திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கைரா மாவட்ட விவசாயிகள் தங்கள் கூட்டுறவு சங்கத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். அதுதான் பிறகு அமுல். இவ்வளவு செய்த குரியனுக்குப் பால் பிடிக்காதாம், குடிக்கவே மாட்டாராம். என் மகனிடம் சொல்லக் கூடாத தகவல்.

அக்கா மகள் வித்யாநகரில் இருக்கிறாள். மாடி வீடு. கீழே வீட்டுக்காரப் பாட்டி, எல்லோரும் "பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். படியேறும்போதே பா எங்களை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, என் கையிலிருந்த டின்னைப் பார்த்துச் சிரித்தார். மேலே போய் டின்னை மேஜையில் வைத்து, "உங்கம்மா கொடுத்தாங்க சாமி, நாட்டு முட்டை" என்றேன். இவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அத்தை! மெதுவாப் பேசுங்க. வீடு வாடகைக்குக் கொடுக்கறப்பவே முட்டை கூடாதுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க."

மூன்று வருடமாக இதை அம்மாவிடம் சொல்லவில்லையாம். சொன்னால் கவலைப்படுவார்களாம். நாங்கள் மூன்று பேரும் அந்த டின்னைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். பையன் மட்டும் தவிட்டுக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான். பன்னிரண்டும் உடையாமல் வந்திருக்கிறது, எறிந்துவிட மனசு வருமா? கடைசியில் முடிவானது இது: ராத்திரி பா டிவி சீரியல் பார்க்கும் நேரம், ஜன்னல் சாத்தி, ஒரு அடுப்பில் ரசம் கொதிக்க, பெருங்காயம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. இன்னொரு அடுப்பில் குக்கரில் முட்டை. அவித்த முட்டைக்கு வாசனை உண்டு என்பதையே நான் இதுவரை கவனித்ததில்லை. இன்று அது ஊரையே கூட்டும் போலிருந்தது. பையன் நான்கு தின்றான். ஐந்தாவது கேட்டான். ஓடுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, இவர் நடைப்பயிற்சி என்ற பெயரில் எடுத்துக்கொண்டு போய் நான்கு தெரு தள்ளிப் போட்டுவிட்டு வந்தார். எல்லையில் இருந்தபோதுகூட இப்படிப் பதுங்கி நடந்ததில்லையாம்.

அவள் வீட்டுக் கணக்கு: அமுல் கோல்டு அரை லிட்டர் 34 ரூபாய், தினம் மூன்று. பால் மட்டும் மாதம் 3,060. மோர், தயிர், நெய், பன்னீர் என்று இன்னொரு ஆயிரத்துக்கு மேல். முட்டை என்ற பத்தியே அவள் கணக்கில் இல்லை. "ஆனா வாரம் ரெண்டு நாள் அவர் பையனைக் கூட்டிட்டுப் போய் லாரில ஆம்லெட் வாங்கித் தந்துருவாருங்க. அது வெளிச் சாப்பாட்டுக் கணக்கு." ஆய்வுக்காரப் பையன் இவள் வீட்டுக்கு வந்திருந்தால், அந்த ஆம்லெட் முட்டையில் சேர்ந்திருக்காது, கடையில் வாங்கிய பதார்த்தத்தில் போயிருக்கும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவில் வாரம் ஐந்து நாள் முட்டை, அதுவும் எங்கள் வீட்டு நோட்டில் ஏறுவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

நவம்பர் 27, வியாழன். ஆனந்துக்குப் பக்கத்து கிராமம்

காலை ஆறு மணிக்கு பா கதவைத் தட்டினார். பிடிபட்டோம் என்று நினைத்தேன். ஒரு பெரிய சொம்பு நிறைய மோர். சீரகப்பொடி, உப்பு போட்டது. விருந்தாளி வந்திருக்கிறார்களே என்று காலையிலேயே கடைந்தாராம். வாங்கிக்கொள்ளும்போது எனக்குக் கை கூசியது.

அக்கா மகள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் என்னைப் பக்கத்து கிராமத்துப் பால் மண்டலிக்கு, அதாவது பால் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். பெண்கள்தான் அதிகம். முக்காடு போட்டு, இடுப்பில் கேன். ஊற்றியதும் எடை, ஒரு சின்னக் குப்பியில் மாதிரி, மெஷின் கொழுப்பு சொல்லும், சீட்டு வரும். காசு பாலுக்கு அல்ல, கொழுப்புக்குத்தான் என்று சொல்லிவிடலாம். ஒருத்தி சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்: 6.8. முகம் மலர்ந்தது. அவளுக்குப் பின்னால் வந்தவளுக்கு 5.9, மெஷினை ஒரு பார்வை பார்த்தாள். தீவன ஆலையில் சோதனை அறிக்கை வரும்போது எங்கள் முதலாளி பார்ப்பாரே, அதே பார்வை.

வீட்டுக்கு எவ்வளவு வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்கச் சொன்னேன். அந்த 6.8 பெண் கேனின் மூடியைக் காட்டினாள். அதில் ஒரு மூடி. டீக்கு. மற்றதெல்லாம் மண்டலிக்கு. நாள் பூராவும் பாலோடு இருக்கும் வீட்டில் பால் செலவு ஒரு மூடி.

நவம்பர் 28, வெள்ளி. தில்லி

வண்டி நான்கு மணி நேரம் தாமதம். கூட்டிப்போக வந்த நண்பரின் ஜீப் பார்த்துப் பார்த்துத் திரும்பிவிட்டது. நாளைக் காலை வருகிறேன் என்றார். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் 1,800 ரூபாய்க்கு ஜன்னல் இல்லாத அறை. ஜன்னல் இருந்தாலும் திறக்க முடியாது, வெளியே காற்று புகைக் கரைசல். தொண்டையில் தீக்குச்சி வாசனை. என்னிடம் இருந்த ஒரே ஸ்வெட்டரை இவர் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் தள்ளுவண்டியில் அவித்த முட்டை. குவியலாக அடுக்கி மேலே ஒரு பல்பு. இரண்டாக வெட்டி, வெங்காயம், கறுப்பு உப்பு தூவித் தருகிறார். இரண்டு முட்டை 30 ரூபாய். பீகார்க்காரர். குளிர் வந்தால் ஒரு நாளைக்கு எட்டு அட்டை போகும், வெயில் காலத்தில் இரண்டுகூடப் போகாது என்றார். எங்கள் பண்ணைக்காரர் சொன்ன 'வடக்கு' இந்தப் பல்புதான்.

நவம்பர் 29, சனி. ரோத்தக் அருகே

விடிவதற்கு முன்பே ஜீப் வந்துவிட்டது. வழியில் டீக்கு நிறுத்திய இடத்தில் மதர் டெய்ரி பூத். பாத்திரத்தோடு வரிசை. டோக்கன் பால், பாக்கெட் இல்லாமல் இயந்திரத்திலிருந்து விழுவது, லிட்டர் 56 ரூபாய். ஆவின் பச்சை லிட்டர் 44 கொடுக்கும் எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

கல்யாண வீடு. பெரிய முற்றம், நான்கு முர்ரா எருமை. கொம்பு ஜிலேபி மாதிரி சுருண்டு, உடம்பு எண்ணெய் தடவியதுபோலக் கறுப்பு. நண்பரின் அம்மா, வீட்டில் எல்லோருக்கும் 'தாதி', அதாவது பாட்டி, என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். "ரொம்ப இளைச்சிருக்கே, பால் குடிக்கறதில்லையா" என்று கேட்கிறாராம். எழுபத்து நாலு கிலோ நான். வாழ்நாளில் முதல் முறையாக ஒருவர் அப்படிச் சொல்கிறார், தாதிக்குக் கோவில் கட்டலாம்.

உடனே பித்தளை டம்ளரில் பால் வந்தது. டம்ளர் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன், அது சின்னக் குடம். எருமைப்பால், மேலே விரல் கனத்துக்கு ஆடை, ஒரு கரண்டி நெய். மறுக்கத் தெரியவில்லை. இவர் கண்ணால் "குடித்துவிடு" என்றார். குடித்தேன். சாப்பாடு கம்பு ரொட்டி, அதன்மேல் வெண்ணெய் உருண்டை, கடுகுக்கீரை, வெல்லம், மறுபடி தயிர். "தேசோம் மே தேஸ் ஹரியாணா, ஜித் தூத் தஹி கா கானா" என்று நண்பர் பாடிக் காட்டினார். பாலும் தயிரும் சாப்பாடாக இருக்கிற நாடு ஹரியாணா என்று அர்த்தம்.

ராத்திரி நண்பரின் மனைவியிடம், நான் பாபி என்று கூப்பிடுகிறேன், இவர் மொழிபெயர்க்க, என் கேள்வியைக் கேட்டேன். பாலுக்கு மாதம் எவ்வளவு செலவு?

"செலவா? பால் வாங்கறதே இல்லையே!" என்று சிரித்தார்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? நோட்டை எடுத்தேன். கறக்கிற எருமை இரண்டு, இரண்டு வேளையும் சேர்த்து 18 லிட்டர். பத்து லிட்டர் பால்காரருக்கு, லிட்டர் 60 ரூபாய். எட்டு லிட்டர் வீட்டுக்கு, ஒன்பது பேர். அந்த எட்டையும் விற்றிருந்தால் நாளைக்கு 480, மாதம் 14,400. தலைக்கு 1,600 ரூபாய். ஆய்வில் இப்படித்தான் செய்வார்கள், வீட்டில் கறந்து வீட்டிலேயே குடித்தாலும் பண்ணை விலை போட்டுச் செலவில் ஏற்றுவார்கள். உணவுச் செலவில் பால் முதலிடம் பிடிக்கிற மாநிலமாக ஹரியாணா வருவதற்கு, பால் வாங்குவதே இல்லை என்று சிரிக்கிற இந்த பாபியும் ஒரு காரணம். நம் தமிழ்நாட்டில் முதலிடம் பாலுக்கும் இல்லை, முட்டைக்கும் இல்லை, பானங்களுக்கும் கடைப் பலகாரத்துக்கும்தான். டீக்கடையில் நாம் குடிக்கிற பால் டீ என்ற பெயரில் வேறு பத்திக்குப் போய்விடுகிறது.

பதினாலாயிரத்து நானூறு என்று இவர் சொன்னதும் பாபி சிரிப்பதை நிறுத்தினார். தாதியிடம் போய்ச் சொன்னார். தாதி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தக் காலத்தில் பாலை விற்பது பிள்ளையை விற்பதற்குச் சமம் என்பார்களாம், இப்போது பத்து லிட்டர் போவதே அவருக்கு ஆறாத விஷயம். மீதி எட்டுக்கும் நான் விலை போட்டுவிட்டேன். ஆனால் பாபி விடவில்லை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மூட்டை என்ன விலை, கோதுமை வைக்கோல் எவ்வளவு, சாணி அள்ளும் கை யாருடையது, அதையும் எழுது என்று என் நோட்டைத் தட்டிக் காட்டினார். கூலி போடச் சொன்னார், அவருக்கே. எழுதினேன். ராத்திரி பதினோரு மணி வரை நாங்கள் இரண்டு பெண்களும் எருமைக் கணக்கு பார்த்தோம். மொழி தெரியாத இடத்தில் எண் கை கொடுக்கிறது.

முட்டைப் பத்திக்கு பாபி சைபர் போடச் சொன்னார். பிறகு நண்பர் என்னை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ், அலுமினியப் பாத்திரம், அரை அட்டை முட்டை. பட்டாளத்தில் பழகிய வாய். தாதிக்குத் தெரியும், ஆனால் தெரியாது. விலை என்ன என்றேன், எட்டு ரூபாய். பர்வாலாவிலிருந்து வருகிறது என்றார். சூரத் வண்டிக்காரர் போனில் தள்ளிவிட்டுப் போன அதே பர்வாலா, ஹரியாணாவிலேயே பெரிய கோழிப்பண்ணைப் பகுதி. தில்லிப் பல்புகளுக்குக் கீழே அடுக்கப்படும் முட்டையில் நிறைய இந்த மாநிலத்து முட்டைதான். வீட்டு அடுப்புக்கு மட்டும் வராது.

நவம்பர் 30, ஞாயிறு. கல்யாணம்

நான் பார்க்கவில்லை.

நேற்றைய பித்தளை டம்ளர் விடியற்காலை மூன்று மணிக்குத் தன் வேலையைக் காட்டியது. மாப்பிள்ளை குதிரையில் வந்தாராம், பேண்டு வாத்தியம் காதில் விழுந்தது, நான் எங்கே இருந்தேன் என்பதை எழுதப் போவதில்லை. இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய சூரத்துச் சேலை மடிப்புக் கலையாமல் பையிலேயே இருக்கிறது. தாதி ஓமத்தை வறுத்துக் கறுப்பு உப்போடு கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டார். பேத்தி கல்யாணத்தை விட்டுவிட்டு. மத்தியானம் சரியானதும் குடிக்க என்ன கொண்டுவந்தார் தெரியுமா? பால்.

ஊரிலிருந்து மாமியார் போன். டிட்வா புயல் என்று டிவியில் காட்டுகிறார்களாம், சென்னை வழியாக வராதே என்கிறார். வேறு வழி இல்லை.

டிசம்பர் 3, புதன். சென்னை, நாமக்கல்

சென்னையில் முழங்கால் தண்ணீரில் பஸ் பிடித்தது தனிக் கதை. இவர் தலையில் பெட்டி, என் தலையில் பை. பைக்குள் பாபி கிளம்பும்போது திணித்த இரண்டு கிலோ நெய், பழைய பிஸ்கட் டின்னில், மூடியைச் சுற்றி மாவு குழைத்து அடைத்தது. போகும்போது முட்டை டின், வரும்போது நெய் டின், என் கைக்கு ராசி அப்படி.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ராத்திரி ஒன்பது. மாமியார் பத்து நாள் கணக்கையும் விடாமல் எழுதி வைத்திருந்தார். இரண்டாவது அட்டை 200 ரூபாயாம், பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மணல் மணலாக, லேசான பச்சை மஞ்சளில். "எருமை நெய்யா? என்ன விலை?" என்றார்.

சும்மா கொடுத்தார்கள் என்றேன்.

"சும்மான்னா எப்படி எழுதறது?" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். பாபி நோட்டைத் தட்டிக் காட்டியது ஞாபகம் வந்தது. எருமை நெய், 2 கிலோ என்று எழுதினேன். ரூபாய்ப் பத்தியில் முதலில் 1,400 போட்டேன். அப்புறம் புண்ணாக்கையும் வைக்கோலையும் பாபியின் கூலியையும் நினைத்து அதை அடித்துவிட்டு, அடித்ததற்கு மேல் என்ன எழுதுவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமியார் சாதத்தைச் சூடாகப் போட்டு டின்னிலிருந்து ஒரு கரண்டி அள்ளி ஊற்றி, "முதல்ல சாப்பிடு" என்றார்.